‘அது நம்ம ஏரியா இல்லை’

(உத்திரமேரூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1962 சட்டமன்றத் தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. ஐந்தாண்டுகளுக்கு முன் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்ததும் அதே ஊர்தான். காங்கிரஸ் நிறுத்திய எஸ்.வி.நடேச முதலியார் அங்கே வென்றார். அண்ணாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 1957-இல் வென்ற தி.மு.க. உறுப்பினர்கள் 15 பேரில் 14 பேர் அந்த முறை சட்டமன்றத்துக்குத் திரும்பவில்லை. திரும்பிய ஒரே ஆள் மு.கருணாநிதி, அவரும் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூரில் போய் நின்றவர். பதினைந்து பேரையும் தோற்கடித்தே தீருவது என்று காங்கிரஸ் கங்கணம் கட்டி வேலை பார்த்தது. வேலையும் பலித்தது. ஆனால் மொத்த முடிவும் வந்தபோது 15 இடங்களில் இருந்த கட்சி 50 இடங்களுக்கு வந்திருந்தது.

காங்கிரஸ் கண்ணை வைத்திருந்தது பதினைந்து தொகுதிகளின் மேல். தி.மு.க. வளர்ந்ததோ அதற்கு வெளியே.

அந்தக் காலத்துத் தி.மு.க.வின் பலம் சென்னை, செங்கற்பட்டு, வட ஆர்க்காடு என்று பெரும்பாலும் வடக்கே இருந்தது. தெற்கே காங்கிரஸின் வேர் ஆழமானது. ‘அங்கே போய் என்ன கிடைக்கப் போகிறது?’ என்று அந்தக் கட்சி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் படிப்பகம், மன்றம், கிளை, நாடகம், தெருமுனைக் கூட்டம் என்று ஆதரவே இல்லாத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1967-இல் ஆட்சியே மாறியது. முதலமைச்சர் பக்தவத்சலம் இந்தப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே தோற்றார். காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் சேர்த்துக்கொண்ட கூட்டணி என்று அந்த வெற்றிக்குக் காரணங்கள் பல. ஆனால் வீசிய காற்றை ஊர் ஊராக வாக்காக்கித் தர அங்கங்கே ஆள் இருந்தார்கள். அந்த ஆட்கள் பத்து வருஷத்துக்கு முன்பே போய் வேலை தொடங்கியவர்கள்.

ஒரு கட்சி ஒரு வட்டாரத்து வாக்காளர்களை ஏன் கைவிடக்கூடாது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கைவிடுவது என்றால் பகிரங்கமாக அறிவித்துவிட்டுக் கைவிடுவது இல்லை. எந்தக் கட்சியும் அப்படிச் செய்யாது. அது வேறு மாதிரி நடக்கும். தொகுதிப் பங்கீட்டில் அந்தப் பக்கத்துத் தொகுதிகளைக் கூட்டணிக் கட்சியின் தலையில் கட்டிவிடுவார்கள். தலைவரின் சுற்றுப்பயணத்தில் அந்த ஊர் இருக்காது. கிளைச் செயலாளர் இறந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பொறுப்பில் வேறு ஆள் போட்டிருக்க மாட்டார்கள். கேட்டால், ‘அது நம்ம ஏரியா இல்லைங்க’ என்பார்கள்.

இந்தப் பேச்சைப் பேச உத்திரமேரூர் பொருத்தமான இடம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை எல்லாரும் அறிவார்கள். ஒன்று 919, இன்னொன்று 921. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சிலும் இந்த ஊர் இடம்பெற்றது. அந்தக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலைத் தேர்தல் முறை என்றதும் எல்லாரும் தகுதி விதிகளைத்தான் சொல்வார்கள்: சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது. அதே அளவுக்குப் பேச வேண்டிய விதி ஒன்று அதில் இருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது; இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பின் பெயர் ஓலைகளையும் தனியே கட்டி, எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலையைப் பூட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இட்டார்கள். சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டு மட்டும் வேறு குடத்துக்குப் போகும். அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பார்கள். இப்படி முப்பது முறை. முப்பது குடும்புக்கும் முப்பது பேர். அவர்களிலிருந்து சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6.

எந்தக் குடும்பையும் விட்டுவிட அந்த முறையில் வழி இல்லை. எல்லாப் பெயரையும் ஒரே குடத்தில் கொட்டி முப்பதை எடுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை.

அதை இன்றைய ஜனநாயகத்தோடு சமமாக வைக்கவும் கூடாது. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை. வேதம் கற்றிருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, உழுதவருக்கும் இடமில்லை. ஊருக்குள் இருந்தும் ஊர்க் கணக்கில் வராதவர்கள் அன்றைக்கு எத்தனையோ பேர். இன்று எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறது. ஆனால் ஓட்டு இருந்தும் ஒரு கட்சியின் கணக்கில் வராதவர்கள் இன்றும் உண்டு.

கோவை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தனியாகவே 133 இடங்களைப் பிடித்தது, கூட்டணிக்கு 159. கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஒன்பது அ.தி.மு.க.வுக்கு, ஒன்று பா.ஜ.க.வுக்கு. தர்மபுரியில் ஐந்துக்கு ஐந்தும் எதிரணிக்குப் போயின. சேலத்தின் 11 இடங்களில் தி.மு.க.வுக்கு ஒன்றே ஒன்று. இது ஒரு தேர்தலில் திடீரென்று நேர்ந்ததும் அல்ல. 2016-இலும் கோவை மாவட்டத்தில் தி.மு.க. வென்றது சிங்காநல்லூர் ஒன்றைத்தான். கோவை மக்களவைத் தொகுதியில் 1996-இல் வென்ற பிறகு அந்தக் கட்சி அதைப் பல முறை கூட்டணிக் கட்சிகளுக்கே விட்டுக்கொடுத்தது. கோவை தெற்கு 2021-இல் கூட்டணிப் பங்கீட்டில் காங்கிரஸுக்குப் போனது. அங்கே பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் கமல்ஹாசனை 1,728 வாக்குகளில் வென்றார், காங்கிரஸ் மூன்றாமிடம். ஆளப் போகிற அணி மாநிலத்தின் முக்கியமான தொழில் நகரத்தின் நடுவே மூன்றாவதாக வந்து நின்றது.

அதன் விளைவு உடனே தெரிந்தது. கோவையில் ஆளும் அணிக்குச் சட்டமன்ற உறுப்பினரே இல்லாததால் அந்த மாவட்டத்திலிருந்து அமைச்சரவையில் ஒருவரும் இல்லை. அமைச்சரவை அமைந்த அதே மே மாதம் கொரோனா இரண்டாம் அலை. அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே முந்தியது. ஓட்டுப் போடவில்லை என்பதால் கோவையைப் புறக்கணிக்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. அது உண்மையா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பேச்சுக்கு மறுமொழி சொல்ல உள்ளூரில் தி.மு.க.வுக்கு ஒரு எம்.எல்.ஏ. இல்லை. மே 30 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே பாதுகாப்புக் கவச உடை அணிந்து கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் போனார்.

பிறகு பொறுப்பு அமைச்சர்கள் வந்தார்கள். கரூரிலிருந்து செந்தில்பாலாஜி அனுப்பப்பட்டார். வார்டு வார்டாக வேலை நடந்தது. 2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96 தி.மு.க. கூட்டணிக்கு. உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு எப்போதும் ஒரு சாதகம் உண்டு என்பதையும், அந்தப் பிரசாரத்தின்போது பணமும் பரிசுப் பொருளும் பற்றி எதிர்க்கட்சிகள் எழுப்பிய புகார்களையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கோவையைக் கூட்டணிக்குத் தள்ளாமல் தானே எடுத்துக்கொண்டது. கணபதி ராஜ்குமார் 1,18,068 வாக்கு வித்தியாசத்தில் பா.ஜ.க.வின் அண்ணாமலையை வென்றார். மூன்றே ஆண்டுகளுக்கு முன் பத்துத் தொகுதிகளையும் கூட்டணியோடு வாரிக்கொண்ட அ.தி.மு.க.வுக்கு மூன்றாமிடம்.

இதே கதை மறுபக்கமும் நடந்தது. சென்னை மாவட்டத்தின் 16 தொகுதிகளில் 2011-இல் அ.தி.மு.க. கூட்டணிக்கு 14 இடம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் வந்த 2016 தேர்தலில் 6. 2021-இல் ஒன்றுகூட இல்லை. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. வென்ற 66 இடங்களில் பாதிக்கு மேல் சேலம், தர்மபுரி உள்ளிட்ட மேற்கு மண்டலத்தில். கோட்டையில் பலமாக இருக்கிறோம் என்று அந்தக் கட்சி பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த முறை தலைநகரில் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் நான்கு தொகுதிகளிலும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அந்த நான்கில் ஒன்று உத்திரமேரூர். 2021-இல் தி.மு.க.வின் க.சுந்தருக்கும் அ.தி.மு.க.வின் முன்னாள் அமைச்சர் வி.சோமசுந்தரத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. தொகுதியின் வாக்குச்சாவடிகளுக்கெல்லாம் பங்கிட்டுப் பார்த்தால் ஒரு சாவடிக்குப் பத்து ஓட்டுகூட வராது. சாவடிக்கு ஐந்து பேர் மனம் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். இப்படிப்பட்ட தொகுதியில் எந்தக் கிராமத்தை, எந்தத் தெருவை, எந்தக் காலனியை ஒரு கட்சி ‘நமக்கு விழாது’ என்று ஒதுக்க முடியும்?

நம் தேர்தல் முறையே இந்தத் தவறான எண்ணத்தை வளர்க்கிறது. முதலில் வந்தவருக்கு எல்லாம், இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றுமில்லை. அதனால் வரைபடத்தில் ஒரு மாவட்டம் முழுக்க ஒரே நிறத்தில் தெரியும். அந்த நிறத்துக்கு அடியில் தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான மனிதர்கள் இருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் அவர்களும் ரேஷன் கடைக்குப் போக வேண்டும், பட்டாவுக்கு மனு எழுத வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் பெட் கேட்க வேண்டும். கூட வந்து நிற்க அவர்கள் ஓட்டுப் போட்ட கட்சியில் ஆள் இல்லை என்றால், ஜெயித்த கட்சியின் ஆளிடம்தான் போவார்கள். இரண்டு முறை உதவி வாங்கிவிட்ட பிறகு மூன்றாம் முறை ஓட்டும் அங்கேதான் விழும். அதில் துரோகம் எதுவும் இல்லை. யார் முதலில் கைவிட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

வாக்குச்சாவடிக்குள் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். காலையில் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன் முகவர்களின் முன்னிலையில் இயந்திரத்தில் குறைந்தது 50 ஓட்டாவது போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டுவார்கள். மாலையில் முடிந்ததும் எத்தனை வாக்கு பதிவானது என்று படிவம் 17சி-யில் எழுதி, அதன் நகலை முகவர்களிடம் தருவார்கள். எண்ணிக்கை நாளில் சந்தேகம் வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான். பலம் இல்லாத ஊர் என்று பூத் ஏஜென்ட்டே போடாத கட்சிக்கு அந்தத் தாள் கிடைக்காது. பட்டியலும் அப்படித்தான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் போனது. இறந்தவர் யார், இடம் மாறியவர் யார், இருந்தும் விடுபட்டவர் யார் என்று சரிபார்க்க வாக்குச்சாவடி நிலை முகவர் வேண்டும். எந்தக் கட்சிக்கு அங்கே ஆள் இல்லையோ அதன் ஆதரவாளர் பெயர் விடுபட்டால் ‘ஏன்?’ என்று கேட்க நாதியில்லை.

களத்தை விட்டு விலகினால் அது காலியாகவே இருந்துவிடும் என்று நினைப்பவர்கள் இடைத்தேர்தல் புறக்கணிப்புகளைப் பார்க்க வேண்டும். 2009 ஆகஸ்டில் இளையான்குடி, கம்பம், பர்கூர், தொண்டாமுத்தூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஐந்து தொகுதிகளின் இடைத்தேர்தலை அ.தி.மு.க. புறக்கணித்தது. அந்த இடத்தில் தே.மு.தி.க. பெரிதாக வளர்ந்தது. 2011-இல் அதே தே.மு.தி.க.வோடு அ.தி.மு.க. பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்து 41 தொகுதிகளைக் கொடுக்க வேண்டி வந்தது. அவர்கள் 29-இல் வென்று எதிர்க்கட்சி வரிசைக்கே வந்துவிட்டார்கள். 2024-இல் விக்கிரவாண்டி, 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு என்று அ.தி.மு.க. மறுபடியும் புறக்கணித்தது. ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலில் 10,000 சொச்சம் வாக்கு வாங்கிய நாம் தமிழர் கட்சி 2025-இல் 24,000-ஐத் தாண்டியது. ஆளுங்கட்சி முறைகேடு செய்யும் என்பது புறக்கணிப்புக்குச் சொன்ன காரணம். அந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட முடியாது; இடைத்தேர்தல்கள் நடக்கும் விதம் ஊரறிந்தது. ஆனால் இரட்டை இலையைத் தேடிப் போன வாக்காளருக்கு அன்று இயந்திரத்தில் அது இல்லை. அவர் என்ன குற்றம் செய்தார்?

இன்னொரு நிகழ்வு இந்த மாவட்டத்திலேயே நடந்தது. பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடி வருகிறார்கள். கிராம சபைகளில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் அந்த ஊர் ஏறக்குறைய முழுதாக வாக்களிக்க மறுத்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே சாவடிக்குப் போனார்கள். திட்டம் தேவை என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் வாதங்கள் இருக்கின்றன. ஆனால் கட்சிகள் கட்டிக் காத்த ஒரு விவசாயக் கிராமம் எல்லாக் கட்சிகளின் சின்னத்தையும் விட்டு ஒதுங்கி நின்றது சாதாரணச் செய்தி அல்ல. ‘எங்களைக் கேட்க யாரும் வரவில்லை’ என்பதை அவர்கள் வேறு எப்படித்தான் சொல்வது? 2025 ஜனவரியில் புதுக் கட்சித் தலைவர் விஜய் முதலில் போய் நின்ற போராட்டக் களங்களில் ஒன்றாக அதுவே அமைந்தது. பழைய கட்சிகள் விட்ட இடம் அது.

நம் எல்லைக்கு வெளியே ஆந்திரத்தில் காங்கிரஸுக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமை. 1982-இல் முதலமைச்சர் அஞ்சையாவை ராஜீவ் காந்தி பேகம்பேட்டை விமான நிலையத்தில் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டதைத் தெலுங்கு மக்கள் தங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு மார்ச் 29-இல் என்.டி.ராமராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கி, ஒன்பதே மாதங்களில், 1983 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். அதிலிருந்து மீண்டு வந்த காங்கிரஸ் 2009-இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 42 மக்களவை இடங்களில் 33-ஐ வென்றது. 2014-இல் மாநிலத்தைப் பிரித்த விதத்தில் கடலோர ஆந்திரமும் ராயலசீமாவும் தங்களைக் கேட்கவே இல்லை என்று கொதித்தன. அந்த ஆண்டு அங்கே 175 சட்டமன்ற இடங்களில் காங்கிரஸுக்குப் பூஜ்யம். 2019-இலும் பூஜ்யம், 2024-இலும் பூஜ்யம்.

யாழ்ப்பாணம் சொல்வது வேறு. 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததிலிருந்து தென்னிலங்கைக் கட்சிகள் வடக்கைத் தங்கள் கணக்கில் சேர்க்காமலேயே அரசியல் செய்தன; அதற்கு அந்த நாடு கொடுத்த விலை நம் எல்லாருக்கும் தெரியும். 2024 செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க யாழ் மாவட்டத்தில் பெற்றது 27,000 வாக்குகள் அளவில்தான். வென்றாயிற்று, இனி அந்தப் பக்கம் எதற்கு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. நவம்பர் 1-ஆம் தேதி மூன்று பதிற்றாண்டுகளாக ராணுவம் மூடி வைத்திருந்த பலாலி வீதி திறக்கப்பட்டது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன் அவரே யாழ்ப்பாணம் வந்து பேசினார். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 80,000-க்கு மேல் வாக்குப் பெற்று, மாவட்டத்தின் 6 இடங்களில் 3-ஐ வென்றது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. தமிழ்க் கட்சிகள் பல துண்டுகளாகப் பிரிந்து நின்றதும் அதற்கு உதவியது. ஆனால் 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மறுபடி தலைதூக்கியது. ஒரு வீதியைத் திறந்ததற்கு மக்கள் ஒரு முறை மதிப்புக் கொடுத்தார்கள். மற்றக் காணிகள் எங்கே, காணாமல் போனவர்கள் எங்கே என்று அடுத்த முறை கேட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் பிரிட்டனின் தொழிற்கட்சி 2010-இல் 41 இடங்களை வைத்திருந்தது; 2015-இல் ஒன்று. அது அவர்களுடைய பலவீனமான பகுதி அல்ல, தலைமுறைகளாகக் கோட்டை. எப்படியும் நமக்குத்தான் என்று நினைப்பதும் புறக்கணிப்பின் இன்னொரு வகை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கட்சிக்காரர்கள் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்பார்கள். பணமும் நேரமும் அளவானது. தலைவருக்கு இருப்பது சில வாரப் பிரசாரம். ஜெயிக்கக்கூடிய இடத்தை விட்டுத் தோற்கும் இடத்தில் எதற்குச் செலவழிப்பது? தேர்தலுக்கு முந்தைய மூன்று வாரத்துக்கு இந்த வாதம் சரிதான். ஹெலிகாப்டரை எங்கே இறக்குவது என்பதில் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் புறக்கணிப்பு அந்த மூன்று வாரத்தில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய நான்கே முக்கால் ஆண்டில் நடக்கிறது. கிளைச் செயலாளரை நியமிக்கக் கோடிகள் தேவையில்லை. மாதம் ஒரு முறை மாவட்டச் செயலாளர் ஒரு பலவீனமான ஒன்றியத்துக்குப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதற்குத் தேர்தல் நிதி வேண்டாம். வேட்பாளரை அந்த ஊரிலிருந்தே தேடி, இரண்டு தேர்தல் தோற்றாலும் மாற்றாமல் நிறுத்துவதற்கு வேண்டியது பொறுமைதான். உத்திரமேரூருக்கு இன்றுவரை ரயில் இல்லை. ஜெயித்த கட்சி இதைக் கேட்க வேண்டும் என்பது சரி. தோற்ற கட்சியும் ஐந்து வருஷமும் விடாமல் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அதனால் இந்த ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து எந்தக் கட்சி வேட்பாளர் கும்பிட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் ஊரில் உங்கள் கிளைச் செயலாளர் யார்? எங்கள் பூத்தில் உங்கள் முகவர் யார்? போன முறை எங்கள் ஊரில் உங்களுக்கு ஓட்டுக் குறைந்தபோது, ஏன் என்று விசாரிக்க யாரை அனுப்பினீர்கள்? பதில் இல்லாதவரைத் திட்ட வேண்டாம். ஒரு தாளில் பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை அடுத்த கிராம சபையில் எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்டுங்கள்.